ஏழு கண் மதகு

பன்னிரண்டாம் கட்டில். நாளைக் காலை முதல் கேஸ்.
நெஞ்சு மழித்தாயிற்று.
அரைஞாண் கயிற்றை அறுத்து
மாத்திரைக் கவரில் மடித்து
இடுப்பில் செருகியிருக்கிறார் அவர் மனைவி சம்பூர்ணம்.

பெட்டியைத் திறக்கிறேன்.
ஸ்பிரிட் பஞ்சால் லென்ஸைத் துடைக்கிறேன்.
“வைரக்கண்ணு ஐயா, இத மாட்டிக்கிட்டா
வேற ஒரு எடத்துல இருப்பீங்க.
பத்து நிமிஷம். பயம் கொஞ்சம் எறங்கும்.”

“கண்ணக் கட்டிக் காட்டுல விடுறதும்பாங்க.
அதுக்கு மிஷினே வந்துருச்சா?”

கடற்கரை உண்டு, பனிமலை உண்டு.
சொல்லி முடிக்குமுன்
“ஆறு இருக்கா” என்றார்.

முதல் நிமிடம் கட்டில் கம்பியை விடவில்லை.
நான்கு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள் என
செய்தி வாசிக்கும் தமிழில் ஒரு பெண்குரல்
காதுக்குள் சொல்லச் சொல்ல
மானிட்டரில் நூற்றுப் பன்னிரண்டு
நூற்றுப் பதினாறானது.

பிறகு தலை திரும்பியது, இடப்பக்கம்,
கரையில் கசிவு தேடுகிறவர்போல.
“எரநூறு... எரநூத்தி நாப்பது கன அடி வரும்.
கரையில ஒரு நாணல் இல்லியே.
யாரும்மா இங்க லஸ்கரு?”

கேஸ் ஷீட்டில் இருப்பது:
அரசு ஊழியர், ஓய்வு.
இல்லாதது:
கோரையாற்றில் ஏழு கண் மதகு,
இருபத்தாறு வருடம் ஷட்டர் சுற்றி
இடதைவிட ஒரு விரல் தாழ்ந்த வலது தோள்.

“அதே கொக்கு மூணாந்தடவ போவுது” என்றார்.
“கீழ போன தண்ணி மேலேருந்து வருது.
வயலுக்கு எப்பப் போவும் இது?”
நிறுத்திவிடவா என்றேன். வேண்டாமாம்.

கண்ணாடியைக் கழற்றாமலே, ஆற்றிடம் சொல்வதுபோல:
“நாளைக்கி நெஞ்ச நிறுத்திட்டு
ரத்தத்தக் கொழாயில திருப்பி விடுவாங்களாம்.
டாக்டர் படம் போட்டுக் காட்டுனாரு.
நாங்களும் மதகு வேலைன்னா
பக்கத்துல வெட்டித் திருப்புவோம்.
ராத்திரி பூரா ஒரு ஆளு லாந்தரோட உக்காந்துருப்பான்.
இங்க யாரு உக்காருவா?”

இந்தக் கேள்வி என் பயிற்சிக் கையேட்டில் கிடையாது.

“ஜெயசீலன்னு ஒருத்தர்.
அந்த மிஷின் பக்கத்துலயே இருப்பார்.
முடியிறவரைக்கும் எழுந்திரிக்க மாட்டார்.”
“எந்த ஊரு?”
“திருத்துறைப்பூண்டிப் பக்கம்.”
“கடமடக்காரனா!”
கண்ணாடிக்குக் கீழே
நரைமீசை முதல்முறை அசைந்தது.
“அப்பச் சரி. சொட்டு வீணா விட மாட்டான்.”

கை கம்பியை எப்போது விட்டதென்று நான் பார்க்கவில்லை.
தொண்ணூற்றெட்டு.

படிவம் நிரப்ப வேண்டும்.
பயம் இப்போது பத்துக்கு எத்தனை?
“பத்தெல்லாம் நமக்கு ஏது. ஏழுக்குச் சொல்றேன்.
நாலு கண்ணு மூடியாச்சு. மூணு தெறந்துருக்கு.”
அதையும் மூடிடலாமே என்றேன், விளையாட்டாக.
“மூடக் கூடாதும்மா. ஏழையும் மூடுனா
கரை ஒடைச்சுக்கும்.”

மூன்று என்று எழுதினேன்.
அடித்துவிட்டு நான்கு என்று எழுதினேன்.

மறுநாள் எட்டேமுக்கால்.
தியேட்டருக்கு வெளியே நீல நாற்காலிகள்.
ஆறாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு
சம்பூர்ணம் என்னைக் கூப்பிட்டார்.
“உள்ள இப்ப என்ன பாத்துக்கிட்டிருக்காரு,
அந்தக் கண்ணாடியில?”

பெட்டி என் தோளில்தான் தொங்கியது,
அடுத்த வார்டுக்கு, முப்பத்தொரு சதவீதம் சார்ஜோடு.

“தண்ணி வந்துக்கிட்டிருக்கும்மா.”

அவர் இடுப்புக் கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
“எத்தன கண்ணுல?” என்றார்.