சில நேரம்

மூன்று பத்துக்கு ஆளியைத் தட்டுவேன்.
காற்றாடி சுழலும். பன்னிரண்டு எண்ண வேண்டும்.
பன்னிரண்டில் ஒரு சொடுக்கு.
மறுகா, தீ.

மறுகா, சில நேரம், தீ இல்லை.
டீசல் மணக்கும், சிவப்புப் பொத்தான் எரியும்,
பிசைந்த மா தட்டுத் தட்டாய்ப் பொங்கிக்கொண்டு
என்னையே பார்க்கும்.

பொத்தானை ஒரு தரம் அமத்தலாம்.
இரண்டாம் தரம் பத்து நிமிசம் விட்டு.
மூன்றாம் தரம் கூடவே கூடாது:
எரியாமல் உள்ளே தேங்கினதெல்லாம்
ஒரேயடியாய்ப் பிடித்தால்
போறணைக் கதவைப் பெரியகல்லாற்றில் தேடாதே,
களப்புக்கு அங்கால தேடு
என்று சொன்னவர் சபூர்தீன்.

சபூர்தீன் கல்முனையில் இருந்து வருவார்,
எப்போதும் பதினொரு மணி, நல்ல வெயில்.
அவர் தட்டினால் முதல் தட்டிலேயே பிடிக்கும்.
வெட்கம் கெட்டது,
வெளியாள் வந்தால் மட்டும் நல்ல பிள்ளை.
வடிகட்டி மாற்றினார். ஊசித்துளை மாற்றினார்.
சுவாலையைப் பார்க்கிற கண்ணைக் கழற்றிச்
சாரன் தலைப்பால் துடைத்தார்.
"இதுக்கு ஒண்டுமில்லகா தங்கச்சி."
ஒண்டுமில்லாததுக்கு ஒவ்வொரு தரமும்
இரண்டாயிரத்து ஐந்நூறு.

மச்சாள் புவனேசம் கண்ணூறு என்றாள்.
உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.
அன்றைக்குப் பிடித்தது.
அடுத்த நாள் பிடிக்கவில்லை.
"அவங்கட கண் பெரிய கண்" என்றாள்,
யாருடைய கண் என்று கேட்கவில்லை நான்.

கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்.
திங்கள், பிடித்தது.
செவ்வாய், பிடித்தது.
புதன், இல்லை. இரவு மழை.
வியாழன், இல்லை. மழை.
வெள்ளி, பிடித்தது.
மழைதான் என்று முடிவு கட்டினால்
சனி, இல்லை. வானம் பளிச்சென்று நட்சத்திரம்.
அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு
நூற்றிருபது பணிஸ் சொல்லியிருந்தார்கள்.
சூன்பாண் ஆட்டோ பாட்டை நிறுத்திவிட்டு
வாசலில் நின்றது. நிரோஜன் உள்ளே எட்டிப் பார்த்து
ஒன்றும் கேட்காமல் போய் இருந்தான்.
கேட்டிருக்கலாம்.

ஞாயிறு பின்னேரம் கொப்பியைத் திரும்பப் பார்க்கையில்
வெள்ளி இரவு நிலம் கழுவினது ஞாபகம் வந்தது.

திங்கள் வரைக்கும் பொறுக்கவில்லை.
நாலு வாளி ஊற்றி நிலத்தைக் கழுவி,
டீசல் குழாயைப் பூட்டி,
எரிகலனை வெளியே இழுத்து,
ரப்பர் செருப்போடு தள்ளி நின்று தட்டினேன்.
ஒன்றும் தெரியவில்லை.
கம்பி முனைகள் இரண்டும் சும்மா நின்றன.
குழல்விளக்குக் கண்ணைக் கூசியது,
அதை நூர்த்தேன்.

நூர்த்த பிறகுதான்.

பொறி இருந்தது.
இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.
வெள்ளைப் பீங்கானின் இடுப்பிலிருந்து
நீலப் புழு ஒன்று நெளிந்து
பக்கத்து இரும்புக்குள் இறங்கியது.
மயிரை விட மெல்லிய வெடிப்பு.
காய்ந்த நாளில் அது வெறும் கோடு.
ஈரம் ஊறினால் குறுக்கு வழி.
முனைக்குப் போய்ச் சேருவதற்கு முதலே
அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

சபூர்தீன் சுபஹ் முடித்துவிட்டுத்தான் ஃபோன் எடுத்தார்.
"லைட்ட நூத்துப் பாத்தீங்களா?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
யாரோ கோப்பை கழுவுகிற சத்தம் மட்டும்.
"நான் பகல்லதானே வாற" என்றார் மறுகா.
"எனக்குத் தோணல்லகா."

பீங்கான் ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
கொழும்பு பஸ்ஸில், பிஸ்கட் பெட்டிக்குள்,
பழைய தினசரியில் சுற்றி வந்தது.
பூட்ட வந்தவர் கூலி வேண்டாம் என்றார்.
இரண்டு றாத்தல் பாண் கொடுத்தேன்,
அதுக்குக் காசு வைத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு வேண்டுமென்றே
ஆறு வாளி.
சுவர் அடியெல்லாம் நனைய, சாக்கு எல்லாம் ஊற.
புவனேசம் வாசலில் நின்று
எனக்குத்தான் பிடித்துவிட்டது என்றாள்.

மூன்று பத்து.
ஒன்பது. பத்து. பதினொன்று.

பிடித்தது.
எழுதலாம் என்று பேனையைத் தேடினால்
மச்சாள் அதைக் கொண்டையில் குத்தியிருக்கிறாள்.