வேலிக்கு முள்ளெலி சாட்சி

நேற்றிரவு உறைபனி.
விடிந்து பார்த்தால்
டேலியாக்கள் எல்லாம் வெந்த கீரை.
கறுத்துத் தொங்கிய தலைகளை வெட்டிவிட்டு
ஓரமாகக் குத்தி நெம்பினேன்.
ஒன்றையொன்று விடாத விரல்களோடு
கிழங்குகள் வெளியே வந்தன.
பெயர் எழுதிக் கட்டிய அட்டைகளை
அக்டோபர் மழை கழுவியிருக்கிறது.
எது சிவப்பு, எது அந்த ஊதா
இனி ஆகஸ்டில்தான் தெரியும்.
கிழிந்த காலுறைகளில் போட்டு
நிலவறை ஆணியில் மாட்டினேன்.

குல்டீகாவில் இந்த மாதம்
நாலு மணிக்கே சூரியன் கடையைக் கட்டும்.
எனக்கோ பேக்கரியில் அதிகாலை வேலை.
புருவத்தில் மாவோடு வீடு திரும்பி
மிச்சமிருக்கும் வெளிச்சத்தைத்
தோட்டத்தின் மேல் தடவுகிறேன்,
மாதக் கடைசி வெண்ணெய் போல.

குழாய்க்குக் கம்பளிச் சட்டை போட்டாயிற்று.
மழைப்பீப்பாய் கவிழ்ந்து படுத்துவிட்டது.
காரட் மணலுக்குள்.
பழுக்காத தக்காளி
செய்தித்தாளில் சுற்றிக் கட்டிலுக்கடியில்.
தேர்தல் பக்கத்தில் பழுத்தவை மட்டும்
கொஞ்சம் கசப்பதாக மகள் மதாரா சொல்கிறாள்.

பாக்கி பூண்டுதான்.
ஊரே அடங்கும்போது அதற்கு விதைப்புக் காலம்.
இரண்டு அங்குல ஆழம், முனை மேலே.
குளிர் படாவிட்டால்
பல் பல்லாய்ப் பிரியாமல்
ஒற்றைக் குண்டாய் நின்றுவிடும்.
(குளிரில் பிரிந்த வேறொன்றும் எனக்குத் தெரியும்.
அது கிடக்கட்டும்.)
மேலே போர்த்த இலை வேண்டும்,
முழங்கால் உயரத்துக்கு.
என்னிடம் மரமே இல்லை.

மரம் வில்னிஸிடம் இருக்கிறது.
கார் ஓட்டக் கற்றுத்தருபவர்,
புல்தரையிலும் ஒழுங்காகத் தடம் மாறுபவர்.
குடிவந்த முதல் இலையுதிர்காலத்தில்
"உங்கள் மேப்பிள் என் பக்கம் கொட்டுகிறது" என்று
தெரியாமல் சொல்லிவிட்டேன்.
மறுநாள் முதல்
இருட்டியபின் ஒரு வண்டி இலை
வேலி தாண்டி விழத் தொடங்கியது.
கத்தினேன். படம் பிடித்தேன்.
நகராட்சிக்கு மூன்று பக்கம் எழுதினேன்.

ஏப்ரலில் அந்த இடத்தைக் கிளறினால்
மண் கருப்பு. புழு நெளியும் கருப்பு.
கடிதத்தைக் கிழித்து அதன் மேலேயே போட்டேன்.

நன்றி சொன்னால் நிறுத்திவிடுவார்.
வீம்பு ஒரு நல்ல உரம்,
அதைக் கெடுக்கக் கூடாது.
அதனால் ஒவ்வொரு மாலையும்
ஜன்னலைத் திறந்து ஒரு நிமிடம் திட்டினேன்,
அடுப்பில் சூப் தீயாத அளவுக்கு.
அவரும் உற்சாகமாக
இன்னொரு வண்டி கொட்டினார்.
இப்படியே நான்கு ஆண்டுகள்.

இந்த வருடம் மணிக்கட்டை முறித்துக்கொண்டார்.
பத்து நாளாக வேலி சும்மா இருக்கிறது.
அந்தப் பக்கம் இலைக்கடல்,
இந்தப் பக்கம் பூண்டு அம்மணமாய்.
கேட்கவும் முடியாது.
எந்த முகத்தோடு கேட்பது?

இருட்டியபின் வாரியை எடுத்துக்கொண்டு
நானே தாண்டினேன்.
இரண்டாவது வண்டி நிறையும்போது
அவர் வீட்டுச் சமையலறை விளக்கு எரிந்தது.
ஜன்னல் திறந்தது.
"கேள்வி முறை இல்லையா?
இது என்ன சத்திரமா?
நகராட்சிக்கு எழுதுவேன்!"
என் வசனங்கள்.
ஒரு சொல் பிசகவில்லை.

பிறகு குரலைத் தாழ்த்தி:
"அந்த மூலைக் குவியலைத் தொடாதே,
முள்ளெலி தூங்குகிறது.
பூண்டுக்கு இன்னும் ஒரு வண்டி வேண்டும்,
இது பத்தாது."

ஜன்னல் சாத்திக்கொண்டது.
பூண்டு என்று நான்
யாரிடமும் சொன்னதில்லை.

மூலையில் இலைகள் லேசாக அசைந்தன.
உள்ளே சாட்சி
புரண்டு படுத்திருக்க வேண்டும்.