பழைய எண், புதிய எண்

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முகவரி கேட்கிறது இயந்திரம்.
கேட்டதும் எனக்கு வீட்டு ஞாபகம்தான் வந்தது:
பழைய எண் 14, புதிய எண் 31,
கல்மண்டபம் பக்கம், ராயபுரம்.
இரண்டும் ஒரே வாசல் என்பது
கரண்ட் பில்லுக்குத் தெரியாது,
சிலிண்டர் போடுகிற பையனுக்குத் தெரியும்.

அவன் வேலையைத்தான் நான் நாள் முழுக்கச் செய்கிறேன்.
இந்த அகராதியின் ஜன்னல்,
அந்த அகராதியின் சன்னல்,
நடுவில் ஒரு கோடு: இதுவே அது.
கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால்
லிஸ்பனில் ஒரு பலகணி திறக்கிறது.

நேற்று 'பேஜார்' வந்தது.
வகை: இழிவழக்கு என்று
யாரோ முன்பே நிரப்பி அனுப்பியிருந்தார்கள்.
அழித்தேன்.
பிறகு அதைப் பாரசீகத்தோடு கட்டினேன்.
அங்கே அது மனசு சலித்தவர்களின் சொல்,
கவிதைக்குள் செருப்போடு போகலாம்.
ஆனால் கொக்கி நம் பக்கம் மட்டும்தான்.
தனக்கொரு ரத்த சொந்தம் காசிமேட்டில்
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
"பேஜாரு பண்ணாத, வண்டிய எடு" என்று கத்துவது
அந்தச் சொல்லுக்குத் தெரியாது.
தெரியவேண்டியதும் இல்லையாம். விதி அப்படி:
யாரும் யாரோடும் இணையலாம், சம்மதம் கேட்க வேண்டாம்.
(எங்கள் தெருவில் இந்த விதி
இன்னும் அமலுக்கு வரவில்லை.)

இன்று காலை 'பாடு'.
மூன்று கணுக்கள் போட்டேன்.
வாய் திறப்பது ஒன்று. படுவது ஒன்று.
மூன்றாவது, வலையில் விழுந்தது.
மூன்றாவதற்குச் சான்று கேட்டுச்
சிவப்பில் மறித்தது திரை:
நூல், ஆண்டு, பக்கம்.
பக்கமா?
விசைப்படகு வந்து அணைகிற பக்கம்.
அப்படியே அடித்தேன்:
ஜெனோவா, ஏலம் கூறுபவர், விடிகாலை நாலே முக்கால்,
"இன்னா ரெமிஜியஸு, பாடு எப்டி?"

சரிபார்க்கும் மங்கையர்க்கரசி மேடம்
திருப்பி அனுப்பினார்.
குறிப்பு: மனிதர் நூல் அல்லர்.
மறுபடி அனுப்பினேன்.
மறுபடி திரும்பியது, இம்முறை குறிப்பில்லாமல்.

இதற்கிடையில் ரெமிஜியஸ் சொன்ன பதில்
எந்தக் கட்டத்திலும் அடங்காமல் கையில் நிற்கிறது:
"டீசலுக்கே கட்டலக்கா.
பாடா அது? படுறதுதான் பாடு."
நான் நாலு நாளாய்ப் பிரித்து வைத்ததை
ஐஸ் பெட்டி மேல் குந்திக்கொண்டு
ஒரே மூச்சில் முடிச்சுப் போட்டுவிட்டான்.

சரி, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்
ஒரு கோடு இழுத்தேன்.
கோட்டுக்குப் பெயர் வேண்டும் என்றது திரை.
பட்டியலில் இருப்பவை:
ஒத்த பொருள், எதிர்ப்பொருள், விரிந்த பொருள்.
எதுவும் ஒட்டவில்லை.
இப்போதைக்கு
'டீசல்' என்று வைத்திருக்கிறேன்.