தீர்மானம் பதினொன்று

மாநகராட்சிப் பள்ளி, மூன்றாம் வகுப்பு.
பெஞ்சில் முட்டி இடிக்க
வார்டு கமிட்டி ஒன்பது பேர்.
பொறியாளர் வரைபடத்தை விரித்தார்.
ஓரம் சுருண்டது; என் டிபன் பாக்ஸை வைத்தேன்.

நீலக் கட்டம் கார். பச்சைக் கட்டம் பைக்.
மணிக்கு இருபது ரூபாய்.
"வண்ணாரப்பேட்டை இனிமே மூச்சு விடும்."

ஜவுளிக்கடை தஸ்தகீர் இன்னும் நாலு நீலம் கேட்டார்.
பிலோமினா அதுவரை வாய் திறக்கவில்லை.
"மீன்பாடி வண்டிக்கு என்ன கலரு?"

பொறியாளர் குறிப்பைப் பார்த்தார்
மேலிருந்து கீழ்,
திரும்பக் கீழிருந்து மேல்.

கேட்டுக்கு வெளியே
துணி மூட்டையோடு நின்ற தேசப்பனைக் கூப்பிட்டோம்.
வண்டியை வராந்தா ஓரம் உருட்டி வந்தான்.
டீச்சரின் மர ஸ்கேலால் அளந்தோம்:
நீளம் ஏழடி, அகலம் மூணேகால்.
"நான் எறங்கி நிக்க ஒரு அடி,
அதையும் எழுதுங்க."

எழுதினேன்.

எட்டு மாதம் கழித்து மஞ்சள் கட்டம் வந்தது.
ஆறு கேட்டிருந்தோம். இரண்டு.

முதல் நாளே
அவசரத்தில் அதில் ஸ்கூட்டரை விட்டுப் போனது
நான்தான்.
திரும்பினால் சக்கரத்தில் பூட்டு.
பக்கத்தில் தேசப்பன், பெடலில் ஒரு கால்,
மூட்டை இறக்க இடமில்லாமல்:
"நல்லா எழுதியிருந்தீங்க, மேடம்."