மிகா இடம்

எட்டாம் வகுப்பில் ஊறுகாய்க்கு நடுவே
ஒரு க் போட்டேன்.
அரை மதிப்பெண் போனது.
எங்கே மிகும், எங்கே மிகாது என்று
அதன்பின் மறந்ததில்லை.
இப்போது நாகமலை அடிவாரத்தில்
அதே பாடத்தைப்
பருத்தியிடம் படிக்கிறேன்.

பருத்தியின் வேரிலும் இருக்கிறது
பஞ்சுக்கான மரபணு.
தண்டில், காம்பில்,
நாளை உதிரப்போகும் மஞ்சள் இதழில்,
எல்லாச் செல்லிலும் ஒரே புத்தகம்
ஒரு பக்கமும் கிழியாமல்.
இருந்தும் நூல் விடுவது
விதையின் தோல் ஒன்றுதான்.

யார் சொல்வது அதற்கு?
மரபணு சொல்வதில்லை.
மரபணுவின் முன்னால்
தலைப்பெழுத்துப் போல ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு,
ஆயிரத்துச் சொச்சம் எழுத்து.
ஏ, டி, ஜி, சி தவிர
வேறு எழுத்து அதற்குத் தெரியாது.
ஒரு புரதமும் அது செய்து தராது.
எங்கே, எப்போது, எவ்வளவு,
அம்மட்டே அதன் பேச்சு.

அந்தத் துண்டைக் கழற்றி,
குடல் பாக்டீரியாவிடம் கடன் வாங்கிய
நீலம் காட்டும் மரபணுவின் முன்னால் ஒட்டி
புகையிலைக்குள் அனுப்பினேன்.
புகையிலை எங்கே பஞ்சைக் கண்டது?
ஆனாலும் சாயத்தில் ஊறி
ஆல்கஹாலில் பச்சை கழன்றபின்,
வெளுத்துக் கிடந்த இலையின் மேல்
மயிர்களில் மட்டும்
நீலம், நுனி நுனியாக.
பஞ்சுக்கு அந்த ஊரில்
ஒன்றுவிட்ட உறவு அதுதான்.

அடுத்து வெட்டத் தொடங்கினேன்.
தூரத்து முனையில் நூற்றெண்பது எழுத்து.
வெட்டினால் நீலம் மங்கும் என்று
அறிக்கையில் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன்.

சித்திரை மதியம்.
இலையைச் சாயத்தில் இறக்கியதும்
கரண்ட் போனது.
ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
பிரிட்டோ தட்டைத் தூக்கிப் போய்
வராந்தா நிழலில் வைத்தான்,
பக்கத்தில் வெப்பமானியையும்.
முப்பத்தேழு. கேட்டது கேட்டபடி.
"மதுரைக்காரனுக்கு எதுக்குங்க இன்குபேட்டர்?"

மறுநாள் வேர் நீலம்.
தண்டு நீலம்.
நரம்பு, காம்பு, நரம்புக்கு நடுவில் இருந்த வெறுமை,
மைக்கூடு கவிழ்ந்த நோட்டுப் போல
எல்லாம்.
"கிருமி பூந்துருச்சு, தூக்கிப் போடு"
என்றான் பிரிட்டோ.
நான் வெயிலைக் குற்றம் சொன்னேன்.
ரஞ்சிதம் மேடம் லென்ஸைத் திருகினார்,
மறுபடி திருகினார்,
டீ ஆறும்வரை நிமிரவில்லை.

கரண்ட் இருந்த இரவுகளாகப் பார்த்து
மூன்று முறை திரும்பச் செய்தேன்.
மூன்று முறையும் நீலம்.

அப்படியானால் நான் வெட்டி எறிந்தது
பேசு என்ற சொல்லை அல்ல.
இங்கே வேண்டாம் என்ற சொல்லை.

இலை சும்மா இருக்கிறது என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
சும்மா இருப்பது சும்மா நடப்பதில்லை.
செல்லுக்குச் செல் ஏதோ ஒரு புரதம்
அந்த நூற்றெண்பதின் மேல்
கையை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறது,
ராத்திரியும் பகலும்,
கரண்ட் இருந்தாலும் போனாலும்.
விட்டால்
வேரெல்லாம் நீலம்.

ஏழு மணிப் பேருந்து காளவாசல் சிக்னலில் நின்றது.
பக்கத்து இருக்கைக்காரி போனில்
யாரிடமோ சிரித்துப் பேசினாள்,
வைத்ததும் முகம் வேறானது.
ஜன்னலுக்கு வெளியே வேம்பு,
கிளை நுனிகளில் பொரிபொரியாகப் பூ.
அடிமரத்தில் ஒன்றுகூட இல்லை.
கறுத்து, வெடித்து,
டியூஷன் விளம்பரம் ஆணியடித்து,
பூக்காமல் நின்றது.
எவ்வளவு பாடு என்று நினைத்தேன்.
பச்சை விழுந்தது.

பிரிட்டோ இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.
திங்கட்கிழமை திரும்ப வெட்டப் போகிறேன்,
தொண்ணூறு தொண்ணூறாக.
வேண்டாம் என்ற சொல்
எந்தப் பாதியில் இருக்கிறதென்று
பார்க்க வேண்டும்.