பின்னால்

கே.டி.சி. நகர் வளைவில்
மாட்டுக்காக நின்றேன்.
பின்னால் வந்தவன்
மாட்டையும் பார்க்கவில்லை, என்னையும்.

காருக்கு உடனே வந்துவிட்டது பணம்.
பம்பர், டிக்கி, இடது விளக்கு
எல்லாம் போட்டோவில் தெரிந்தது.
கழுத்து எக்ஸ்ரேயில் தெரியவில்லை.
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
குனியச் சொன்னார்கள், திருப்பச் சொன்னார்கள்,
எட்டு சதவீதம் என்று எழுதினார்கள்.

ரிவர்ஸ் எடுக்க மகனை இறக்கி
'வரலாம், வரலாம்' சொல்ல வைப்பது
எட்டுக்குள் வருமா?
படுக்கையில் அவர் பக்கம் பார்க்க
எழுந்து உட்கார்ந்து திரும்புவது?

மூன்று வருஷம், பதினாறு வாய்தா.
கம்பெனி வக்கீல் தன்மையான மனுசர்.
'ஏம்மா சடன் பிரேக் போட்டீங்க?'
'மாடு.'
'மாட்டுக்கு நம்பர் பிளேட் பாத்தீங்களா?'
கோர்ட்டே சிரித்தது.
நானும் சிரித்தேன், தலை அசையாமல்.

'இங்க வரும்போது மட்டும்
காலரக் கழத்திராதிய' என்பார் எங்கள் வக்கீல்.

பதினேழாவது வாய்தா. கத்திரி வெயில்.
காலரைக் கழற்றி இடுக்கிக்கொண்டு
கேன்டீன் வாசலில் டீயோடு நிற்கிறேன்.
பின்னாலிருந்து ஒரு குரல்:
'ஏட்டி பரமகல்யாணீ!'

சிவசைலத்தை விட்டு வந்த பிறகு
முழுப்பெயரில் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.
திரும்பிவிட்டேன்,
வெறும் கழுத்தால்.

தெரிந்த முகம் ஒன்றுமில்லை.
செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பையன்.
முழுப்பெயர் மனுவிலும் இருக்கிறது என்று
அப்போதுதான் உறைத்தது.

பதினோரு விநாடி ஓடுகிறது அந்தப் படம்.
தோளில் டீ கொட்டியதுகூட இருக்கிறது.
அன்றிரவு விடியும்வரை
சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தது
அதில் இல்லை.