துளையில்லாத ஓரம்

ஃபின்மார்க். ஜூலை. இரவு ஒரு மணி.
சூரியன் குன்றின் மேல்
இறங்க மனமில்லாமல் நிற்கிறது.
வேலிக்குள் துருவமான்கள் சுற்றுகின்றன,
இடஞ்சுழியாக, எப்போதும் இடஞ்சுழியாக.
கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து
கத்தி தீட்டுகிறேன். கழுத்தெல்லாம் கொசு.

தபாலில் வந்த வைரத் தகடு.
வைரம் என்றதும் என் நாத்தனார் ஸுனா
மோதிர விரலை நீட்டினாள்.
பொடிதான், ஸுனா.
எஃகின் மேல் நிக்கல் பூசி
அதில் கழுத்தளவு புதைத்த பொடி.
நடுநடுவே வட்டத் துளைகள், வரிசை வரிசையாக.
துளைக்குள் வைரம் கிடையாது.
இல்லாத வைரத்துக்கும் சேர்த்துத்தான்
காசு கொடுத்திருக்கிறேன்.

ஏமாற்று இல்லை. இல்லாமைக்கும் ஒரு வேலை உண்டு.
கத்தி உதிர்க்கும் கறுப்புத் தூள்
தண்ணீரோடு நகர்ந்து அங்கே போய் ஒதுங்கும்.
ஒதுங்க இடமில்லாத தகட்டில்
அது வைரத்தின் பல்லிடுக்கை அடைத்துக்கொள்ளும்;
கத்தி வழுக்கும், கை வலிக்கும், கூர் வராது.
கிளை வெட்டும் பெரிய கத்தி
இந்தத் துளைகளின் மேல் ஓடும்போது
இறுகிய பனியில் சறுக்குவண்டி போகிற சத்தம்.

காது வெட்டுகிற கத்தி வேறு.
சுண்டுவிரல் நீளம். நுனி, ஊசி.
நேற்று அந்த நுனி ஒரு துளைக்குள் இறங்கி
விளிம்பில் முட்டியது.
டிக்.
யாருக்கும் கேட்கவில்லை.
எனக்குக் கடைவாய்ப் பல்வரை கேட்டது.

போதும் என்று நினைத்தேன்.
ஹெய்க்கா கன்றைச் சாய்த்துப் பிடித்திருந்தான்,
சூடான காது என் கையில் துடித்தது.
எங்கள் குறி: இடக்காதின் முனை சரிவாக,
அதற்குக் கீழே இரண்டு கொத்து.
முனை சரி. முதல் கொத்து சரி.
இரண்டாவது
வெட்டாகவில்லை, கிழிசலாகிவிட்டது.
கன்று தலையை உதறி ஓடியது.
"ஆறினால் ஒற்றைக் கொத்தாகத் தெரியும்,
அது பக்கத்துக் கூட்டத்தார் குறி"
என்றான் ஹெய்க்கா, சிரிக்காமல்.

இன்று கண்ணை விட்டுவிட்டுக்
கட்டைவிரலிடம் தகட்டைக் கொடுத்தேன்.
சொரசொரப்பு, பள்ளம், சொரசொரப்பு, பள்ளம்.
பிறகு ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு
பள்ளமே வரவில்லை.
எவனோ ஒருத்தன், எந்த ஊர்க்காரனோ,
மான் காதைப் பார்த்தே இருக்க மாட்டான்,
ஆனால் ஒரு நுனியை நினைத்திருக்கிறான்.
வாங்கி மூன்று வாரம்
அந்த ஓரத்தை நான்
கைப்பிடிக்க விட்ட இடம் என்றே எண்ணியிருந்தேன்.

இங்கே அழுத்தக் கூடாது,
அழுத்தினால் வைரம் வேரோடு வரும்.
நான்கு இழுப்பு, ஒரு துடைப்பு.
தூள் ஒளிய இடமில்லாததால்
துணிதான் துளை.
நுனி மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது,
ஒரு நூல் குட்டையாக.

ஸுனா பையைக் கவிழ்த்து எண்ணுகிறாள்.
கன்றுக்கு ஒன்று என
கடைசிக் கொத்தின் துண்டைப் பையில் போடுவது வழக்கம்.
ரோமம் ஒட்டிய சின்னச் சின்ன முக்கோணங்கள்.
"நாற்பது."
நாற்பத்தொன்று, என்கிறேன்.
மறுபடி எண்ணுகிறாள். நாற்பது.

கிழிந்த காதிலிருந்து
துண்டு எதுவும் விழவில்லை.

நான் கத்தியை உறையில் போடவில்லை.
ஹெய்க்கா கயிற்றைச் சுருட்டிக்கொண்டு
வேலிக்குள் இறங்குகிறான்,
சுற்றிக்கொண்டே இருக்கும் அத்தனை காதுகளுக்குள்
அந்த ஒன்றைத் தேடி.